வீடு ஆடுகிறது என்றாயே

என் தங்கத்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்காலை மட்டும் கணக்கில் சேர்க்காதே. அங்கே உன் சுகம் எப்படி என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் போனில் பேசி முடிக்கும்போது "வீடே ஆடுதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய், எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீடு ஆட்டம் கண்டுவிட்டது என்றால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சரியில்லை என்றுதானே நமக்குப் படும். கடைசியில் அப்பா துணிந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "வீடு ஆடுதாமே" என்று இழுத்தார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "முப்பதாவது மாடியில்ல மாமா, காத்தடிச்சா லேசா ஆடத்தான் செய்யும்" என்றாராம். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு வேறு பைத்தியம் பிடித்துக்கொண்டது, நிற்கிற கட்டடம் எப்படி ஆடும் என்று. சட்டை தைக்க அளவு கொடுக்க வந்த மாடி வீட்டு இன்ஜினியரை, டேப்பைக் கழுத்தில் சுற்றியபடியே நிறுத்திவைத்துக் கேட்டேன். உயரமான கட்டடத்தைக் கொஞ்சம் ஆடுகிற மாதிரிதான் கட்டுவார்களாம், விறைத்துக்கொண்டு நின்றால்தான் ஆபத்தாம். தைபே நகரத்துக் கோபுரம் ஒன்றில் உச்சிக்குப் பக்கத்தில் அறுநூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்களாம், கட்டடம் ஒரு பக்கம் போனால் குண்டு மறுபக்கம் இழுக்குமாம். ஈபிள் கோபுரம் வெயில் காலத்தில் அரை அடி வரை வளருமாம். துணி தண்ணீரில் சுருங்குவது எனக்குத் தெரியும், இரும்பு வெயிலில் நீளும் என்று யார் கண்டது! பைசா கோபுரம் கட்டும்போதே சாய்ந்ததாம், நடுவில் சண்டை வந்து நூறு வருஷம் போல வேலை நின்றதில் அடிமண் இறுகியதால்தான் விழாமல் தப்பித்ததாம். பின்னாளில் நிமிர்த்தப் போனவர்கள் சாய்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை, எதிர்ப்பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்களாம். முழுக்கவும் நிமிர்த்தவில்லையாம், நிமிர்ந்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள். இந்தப் பேச்சு சுவாரசியத்தில் மனுஷனின் கையளவைக் கழுத்தளவாகக் குறித்துவிட்டேன்.

அப்பா தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் "எம் பொண்ணு வீடு ஆடும், தெரியுமா" என்று பீற்றிக்கொள்கிறார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கட்டடம் ஆடினால் பயப்படலாம், லிஃப்டைப் பிடித்துக் கீழே ஓடலாம். நீ அன்றைக்கு அழுதாய் கண்ணு. சளி என்றாய், நானும் சரி என்றேன். போனில் கேட்டால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன். ஆடியது கட்டடம் மட்டும்தான் என்றால் அம்மா ஒரு லூசு என்று நன்றாகச் சிரித்துக்கொள். இல்லையென்றால் "வா" என்று ஒரு எழுத்து எழுது, ஏன் எதற்கு என்று கேட்காமல் கிளம்பி வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும், அவரும் நல்லா இருக்கணும், வேறென்ன கேட்கப்போகிறேன். அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார், அதனால் பதிலை என் பெயருக்கே போடு.

உன் அம்மா