மடி கனத்த காலை

மமதா அப்பாவுக்கு, அயர்லாந்திலிருந்து வாணியின் வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் பாப்பா மமதாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா?

ஞாயிறன்று போனில், "இன்னா வாணி, கொரலு ஒரு மாதிரியா கீது?" என்றீர்கள். சளி என்று பொய் சொன்னேன். அன்று காலை எங்கள் மாட்டுப் பண்ணையில் கரண்ட் போய்ப் பால் கறக்கும் மெஷின்கள் நின்றுவிட்டன. மதியத்துக்குள் இருநூறு மாடுகளுக்கும் மடி கல்லாகிவிட்டது. வலி தாங்காமல் கதறிக்கொண்டு கம்பித் தடுப்பை முட்டி உடைத்தன. நம் சின்ன வயதில் தங்கச் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து நம் நந்திதுர்க் குடியிருப்பு வீடுகள் குலுங்குமே, அப்படித் தரை அதிர்ந்தது. விழுந்த மாடு ஒன்றை மற்றவை மிதித்தே கொன்றன. எனக்கு வலது மணிக்கட்டில் ஒரு உதை, சின்ன முறிவுதான்.

கட்டுப் போட்ட டாக்டரம்மாவிடம், எங்கள் பால் பாக்கெட்டில் உள்ள 'எக்ஸூபரன்ட்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். உற்சாகம் பொங்கும் செழிப்பாம். அதன் லத்தீன் வேர் மடியாம், பால் வழிகிற மடி. சிரித்துவைத்தேன்.

பாப்பா போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல்.

மாலையில் கரண்ட் வந்து மாடுகளைக் கறந்துவிட்டார்கள். நான்தான் பாப்பாவுக்கான பாலைத் தினமும் குளியலறையில் பீய்ச்சிக் கொட்டுகிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

வாணி