அக்காவின் தனித் தட்டு

அக்கா,

இன்று காலை உங்கள் மகளைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஐந்தாம் மாதம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் உங்களுக்கு வந்த அதே மஞ்சள் காமாலை, 'பி'. அந்த ஓர் எழுத்தைப் பார்த்ததும் நம் கம்பத்து வீட்டு அடுப்படிக்கே போய்விட்டேன்.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, குழம்புச் சட்டியில் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி உருண்டை பிடிப்பீர்கள். உங்கள் உருண்டை எப்போதும் சிறியது. கேட்டால், "அடிச்சட்டிக் காரம் எனக்கு ஒத்துக்கிடாதுத்தா" என்று கூசாமல் பொய் சொல்வீர்கள். அந்த ருசி அப்புறம் எந்த விருந்திலும் எனக்கு வாய்க்கவில்லை.

எண்பதுகளில் ஒரு கோடை. உங்களுக்கு ஏழாம் மாதம், எனக்கு மூன்று. கண் மஞ்சளாகி மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தீர்கள். மாமியார் உங்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கிவிட்டார். அன்று மத்தியானமும் சட்டியோடு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏத்தா, இங்கன வா. ரத்தத்துலதான் ஒட்டுமாம். கூட உக்காந்து தின்னா ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாக."

நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. "பசிக்கலக்கா" என்றேன். வயிற்றில் பிள்ளையோடு அப்போது எனக்கு அகோரப் பசி. உங்களுக்கும் அது தெரியும். சட்டியைக் கழுவப் போட்டீர்கள்.

மகள் பிறந்தாள், உங்கள் கண்ணும் வெளுத்தது. தட்டு மட்டும் தனியாகவே இருந்தது. சேர்த்து வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஈரல் கெட்டு நீங்கள் போகும்வரை, வருஷக்கணக்காக, நீங்களே அதைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்தீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோமா என்று ஏங்குகிறேன் அக்கா.

மகளுக்கு அது உங்களிடமிருந்துதான் வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. பிள்ளை பிறந்ததும் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் அதைக் காப்பாற்றிவிடலாமாம். அன்றைக்கு நம் பக்கம் அந்த ஊசியை யார் கண்டது?

வீட்டுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலேயே, ஒரு தட்டைத் தனியாக எடுத்தாள். உங்களைப் பார்த்து வளர்ந்தவள். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு என் தட்டிலிருந்தே அவளுக்கு ஊட்டினேன்; அதே கையால் நானும் சாப்பிட்டேன்.

மென்றுகொண்டே கேட்டாள்: "எங்கம்மா கூட ஏன் சின்னம்மா நீங்க இப்பிடிச் சாப்பிடல?"

"பயந்துட்டேன்த்தா" என்றேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது.