இடப்பக்கத்துப் பால்

ஜூன் 16, திங்கள்
விடியலிலிருந்து மழை. குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் என் வேலை முடியும் நேரம் மணி வந்து நின்றான். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி ருக்மணிக்குச் சித்திரையில் நான்தான் பிரசவம் பார்த்தேன். இரட்டை. முதலில் பெண், பின்னால் ஆண். பெண் காய்ச்சலில் போய்விட்டது. ருக்மணியும் படுத்துவிட்டாள். மார்பில் துணியை இறுக்கிக் கட்டிப் பாலை வற்ற வைத்துவிட்டார்கள். பையனுக்கு இப்போது டின் பால், ஓயாத வயிற்றுப்போக்கு. பால் திரும்ப வருமா என்று கேட்டான். வரும் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்
பையனுக்குக் கிழவன் முகம். தொடையில் தோல் தொங்குகிறது.
சொன்னவை: புட்டி வேண்டாம், பாலாடைச் சங்கு போதும். எந்நேரமும் மார்போடு, தோல்படக் கிடத்தணும். வாய் வைத்ததும் மேலிருந்து டின் பாலைச் சொட்டுச் சொட்டாக விடணும். ஏமாந்து உறிஞ்சுவான். உறிஞ்ச உறிஞ்ச ஊறும்.
ருக்மணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இடப்பக்கம் மாற்றச் சொன்னபோது மட்டும் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.
"அது மோளுக்கு உள்ளதாக்கும், அக்கா. அவ குடிச்ச பக்கம்."


ஜூன் 21, சனி
வலப்பக்கம் ஈரம். ஒரு துளி, வெளுத்த மஞ்சள். மணி சாயா வாங்கி வந்தான். குடித்தேன், நல்ல சூடு.

ஜூன் 25, புதன்
வலப்பக்கம் பையன் உறிஞ்ச, இடப்பக்கம் தானாகச் சொட்டியது. "அவளும் குடிக்கிறா" என்றாள் ருக்மணி, சாதாரணமாக. ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கமும் சுரப்பது வழக்கம்தான். அதைத்தான் சொன்னேன். ஆனால் அவளது இடது கை ஒரு தலையைத் தாங்குவதுபோல வளைந்திருந்தது. மந்திரவாதியை விளிக்கட்டுமா என்று மணி வாசலில் கேட்டான். வேண்டாம் என்றேன்.
அந்தப் பெண் பிறந்ததும் அழுத குரல் பூனைக்குட்டிக் குரல். பஸ்ஸில் அதே குரல் கேட்டதுபோல இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஜூன் 28, சனி
வலப்பக்கக் காம்பு வெடித்து ரத்தம். பையன் பசியில் கத்துகிறான். மணி மறுபடி டின்னைத் திறக்கப் போனான். தடுத்தேன். இடப்பக்கம் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை சொல்லியும் அவள் அசையவில்லை. கடைசியில் என் வாயில் எப்படி வந்ததோ:
"அவகிட்ட நீயே கேளு, ருக்மணி."
என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு வளைந்த இடது கையை நோக்கிக் குனிந்தாள்.
"தம்பிக்கு விசக்குது மோளே. கொடுக்கட்டா?"
காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஓட்டின் மேல் மழை. மணி சுவரோடு ஒட்டி நின்றான். அவள் கை மெல்லத் தாழ்ந்து பாயைத் தொட்டது, விரிந்தது. பையனை இடப்பக்கம் மாற்றினாள். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம், அறை முழுக்க.
"மடியிலேருந்து இறங்கிட்டா, அக்கா."
பையன் டின் பால் தொடாமலே தூங்கிப்போனான். எழுந்து வரும்போது தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.