அறை மாறிய செய்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

விடுதியில் எனக்கு அறை மாற்றிவிட்டார்கள். பதறாதீர்கள். என் அறைத் தோழன் போன வாரம் ஆய்வகத்தில் ஒரு முதலாண்டு மாணவியை மறித்துக் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அலறியதும் ஓடிப்போய் விலக்கிவிட்டேன். அவள் புகார் கொடுத்தாள். விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது.

"ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா, எதுவும் பாக்கலன்னு சொல்லிடு" என்று கெஞ்சினான். நான் முடியாது என்றதும், "அப்புறம் நீ இங்க எப்படிப் படிக்கிறேன்னு பாக்கிறேன்" என்றான்.

குழுவின் முன் பார்த்ததையும், அவன் மிரட்டியதையும் சொல்லிவிட்டேன். விசாரணை முடியும்வரை அவன் கல்லூரிக்குள் வரக்கூடாதாம். அந்தப் பெண் மறுபடி வகுப்புக்கு வருகிறாள். எங்கள் கூட்டாளிகள்தான் நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துபோகிறார்கள்.

புது அறை குளிர்கிறது. உங்கள் பழைய போர்வையை அனுப்புங்கள்.

அவன் அப்பா நம் வீட்டுக்குப் போன் செய்து, நான் சொன்னதை மாற்றச் சொல்வார். நம் அப்பா இளகிவிடுவார், நீங்களே எடுங்கள். "எம்புள்ள கண்ணால பாத்ததத்தான் சொன்னான்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்படியே எனக்கும் ஒருமுறை போனில் சொல்லுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்