தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. ஆமாம், நானேதான். யாரும் எழுதித் தரவில்லை. எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகத் தள்ளாடுவதைப் பார்த்துச் சிரிக்காதே. கிரேன் ஓட்டின கை அல்லவா, ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டி மெதுவாக இறக்கி வைக்கிறேன். ‘ழ’ வந்தால் மூச்சு வாங்குகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் போனவன், நான் இப்போதுதான் போகிறேன்.

நூலகத்து மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. எங்கள் டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சுழி டீச்சர்’. எதை எழுதிக் காட்டினாலும் இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கேட்பார். இப்போது பேருந்துப் பலகையை நானே படிக்கிறேன். முதல் தடவை படிக்க வந்த சந்தோஷத்தில், நிறுத்தத்துக்கு வந்த பேருந்தையெல்லாம் உன் அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசியில் அவள், “நம்ம வீட்டுக்குப் போற பஸ்ஸு போயே போச்சு, அதை மட்டும் படிக்கல” என்றாள்.

இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்பாய். உனக்கு எழுதத்தான். இத்தனை காலம் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள். தங்கமான பெண். ஆனால் சில சங்கதிகளை மருமகளிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. போனில் சொல்லலாமென்றால் உனக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு “ஆங்? என்னண்ணே?” என்று வீடு முழுக்கக் கேட்க வைப்பாய். ஒன்றுக்குப் போகிற கதையை உன் சம்பந்தி காதில் விழ எப்படிக் கத்துவது?

போன வருஷம் எனக்கு அடிவயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று உனக்குச் சொன்னார்கள். வெட்டு சின்னதுதான். நோயின் பெயர் பெரியது. சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி உண்டு, புரோஸ்டேட் என்று பெயர். அதில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சுரப்பியையே எடுத்துவிடலாம், ரோபோ வைத்துச் செய்யலாம் என்றார் டாக்டர்.

ரோபோ என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இரும்போடு பழகினவன்தான், அதற்காக என் வயிற்றை இரும்பிடம் ஒப்படைக்க முடியுமா? டாக்டர் பொறுமையாக விளக்கினார். இயந்திரம் தானாக ஒன்றும் செய்யாதாம். வயிற்றில் சிறு சிறு துளை போட்டு, அதன் வழியாக மெல்லிய கைகளை உள்ளே விடுவார்கள். டாக்டர் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து, பெட்டி போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, உள்ளே இருப்பதைப் பெரிதாகப் பார்த்துக்கொண்டே விரலை அசைப்பார். இவர் விரல் எப்படித் திரும்புகிறதோ, அப்படியே அது உள்ளே திரும்பும்.

கேட்கக் கேட்க நாம் வேலை பார்த்த இரும்புக் கிடங்கு நினைவுக்கு வந்தது, தம்பி. நான் மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்து கையை அசைப்பேன், கீழே கொக்கி அசையும். ஊரெல்லாம் கிரேன் தூக்கியது என்பார்கள். தூக்கினது யார் என்று உனக்குத்தான் தெரியும். கொக்கிக்குப் பக்கத்தில் நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கை காட்டினவன் நீ. என் கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் உன் கையைப் பார்த்துத்தானே இறக்கினேன்.

அதனால் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “நீங்க மூலையில உக்காந்துட்டா, எம் பக்கத்துல நிக்கிறது யாரு?”

அவர் சிரித்துவிட்டார். “இன்னொரு டாக்டர் உங்க பக்கத்துலயே நிப்பாரு. கருவி மாத்துறது, எனக்குத் தகவல் சொல்றது எல்லாம் அவருதான். உங்கள விட்டு நகர மாட்டாரு.”

அப்படியானால் சரி என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்குக் காலையில் என்னைப் படுக்க வைத்தபோது, பக்கத்தில் நின்ற டாக்டரின் முகமூடியையும் கையுறையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் முகம்தான் தெரிந்தது. அப்புறம் தூங்கிவிட்டேன்.

இனி சொல்வதைத் தனியாக இருக்கும்போது படி. ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அதை எடுத்த பிறகு அடக்க முடியவில்லை. தும்மினால் சொட்டும், சிரித்தால் சொட்டும். குழந்தை மாதிரி உள்ளே துணிப்பட்டை வைத்துக்கொண்டு நடந்தேன். பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், செய்யச் செய்யக் குறைந்தது. இப்போது கனமாக ஏதாவது தூக்கினால்தான் தொந்தரவு. உன் அண்ணி அந்த நாட்களில் வீட்டில் யாரும் ஜோக் சொல்லக்கூடாது என்று தடை போட்டாள். அதைக் கேட்டே எனக்குச் சிரிப்பு வந்து காரியம் கெட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு, நீ கேட்க வெட்கப்படுவாய். அதுவும் பழையபடி இல்லை. டாக்டர் முன்கூட்டியே மறைக்காமல் சொன்னார். அதை நினைத்து மனம் ஒடிந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள், உன் அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்கு நீங்க இருந்தாப் போதும்” என்றாள். இந்த இடத்தில் எழுத்து கோணினால் அதற்கு ‘ழ’ காரணம் இல்லை.

டாக்டர் என்னிடம் கேட்டதைச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு இது இருந்ததா என்றார். அப்பா கடைசியில் நீர் பிரியாமல் எவ்வளவு துடித்தார் என்பது உனக்கும் தெரியும். நீரடைப்பு என்று நாம் விட்டுவிட்டோம், என்னவென்று யார் பார்த்தது? உடன் பிறந்தவர்கள் உண்டா என்று அடுத்துக் கேட்டார். ஒரு தம்பி என்றேன். அப்படியானால் அவரும் கட்டாயம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும் என்றார்.

உன் மகள் கல்யாணத்தில் நீ பெண்ணுக்குத் தகப்பன், முன்வரிசையில் இருக்கவேண்டியவன். கழிவறைப் பக்கத்து ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தெரியாதா? அந்த நாற்காலியைத் தேடித்தானே நானும் வந்தேன். கேட்டதற்கு, “வயசுக் கோளாறுண்ணே” என்று பேச்சை மாற்றிவிட்டாய். வயசுக் கோளாறாகவே இருக்கட்டும். அந்தச் சுரப்பியில் வெறும் வீக்கம் என்றால் மாத்திரையே போதுமானதாக இருக்கும், எல்லோருக்கும் கத்தி இல்லை. ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் டாக்டர், நீ இல்லை.

உனக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். இந்தக் கடிதத்துக்காகப் ‘புரோஸ்டேட்’ எப்படி எழுதுவது என்று டீச்சரிடம் கேட்கவேண்டியிருந்தது. அத்தனை பேர் நடுவில் அது நோயின் பெயர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அது என் தம்பி இருக்கும் ஊர், உறையில் முகவரி எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் என் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு என் தாளிலேயே அழகாக எழுதிக் கொடுத்து, “அந்த ஊர்ல தண்ணிக் கஷ்டம் ஜாஸ்தி, பெரியவரே. எங்கப்பாவும் அங்க இருந்தவர்தான். தம்பிய சீக்கிரம் டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க” என்றார்.

ஆகவே உனக்கு வெட்கமாக இருந்தால் நோயின் பெயரை எழுதவே வேண்டாம். ‘அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்’ என்று ஒரு வரி போடு. இங்கே என் மருமகள் பிரித்துப் படித்தாலும் ஏதோ பயணம் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தக் காலத்தில் நீ முஷ்டியை மடக்கிக் காட்டினால் நான் அப்படியே நிறுத்திவிடுவேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது நீ டாக்டருக்கு எதிரே அந்த முஷ்டியைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். இந்த ஒரு தடவை அண்ணன் கை காட்டுகிறேன், நீ கேள். கையைத் திற.

அடுத்த வாரமும் எழுதுவேன். உன் அந்த ஒரு வரி வரும்வரை வாராவாரம் எழுதுவேன். எழுத எழுதக் கையெழுத்து திருந்திவிடும் என்கிறார் டீச்சர். அது அழகாகும்வரை என்னைக் காக்க வைக்காதே.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அண்ணன்
(இது நானே போட்ட கையெழுத்து)