றோஸ்மேரி ஊற்றிய தண்ணீர்

20 சனவரி 2025, திங்கள்

என் வெள்ளையப்பு,

நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாள். நேற்றுவரை யாராவது ஒருவர் சோற்றுச் சட்டியோடு வந்து நின்றார்கள். இன்று ஒருவரும் வரவில்லை. அதுதான் இந்தக் கொப்பியை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருக்கும். தமிழில் எழுதினால் உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. நல்லது. இருபது வருடம் நீங்கள் சுவீடிஷில் வாய்க்குள் முணுமுணுத்தது எனக்கு விளங்கினதா?

மரண அறிவித்தல் இணையத்தில் வந்துவிட்டது. என் தங்கை றோஸ்மேரியின் கணவர் அருமைநாதன் எழுதியது. 'சுவீடன் ஊமியோவைப் பிறப்பிடமாகவும், மொன்றியல் அஹுன்ட்சிக்கை வதிவிடமாகவும் கொண்ட லெனார்ட் அவர்கள்' – அதுவரை சரி. அடுத்த வரியில் என் அம்மா அப்பாவின் 'பாசமிகு மருமகன்' என்று கிடக்கிறது. பாசமாம்! டோர்வல் விமான நிலையத்தில் நிலம் துடைக்கப் போன மகள், அங்கே பெட்டி வரும் பட்டி திருத்துகிற வெள்ளைக்காரனைக் கட்டிவிட்டாள், அவன் வேதக்காரன் என்றாலும் எங்கள் கத்தோலிக்க வேதம் இல்லை என்று அப்பா உங்களோடு போனில் ஒரு ஹலோ சொல்லாமலே செத்தவர். செத்த பிறகுதான் பாசம் பொங்குது.

23 சனவரி

மைனஸ் இருபத்தாறு. மண் இரும்பாய்க் கிடக்கிறதாம், மே மாதம்தான் தோண்டுவார்களாம். அதுவரை உங்கள் பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் மற்றப் பெட்டிகளோடு வரிசையில் இருக்கும். வரிசையில் நிற்க உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

27 சனவரி

றோஸ்மேரி வந்தாள். சப்பாத்துப் பனியைத் தட்டுவதற்கு முன்னமே கைப்பையைத் திறந்தாள்.

"அக்கா, இதைப் பார். முப்பத்தோராம் நாளுக்குக் குடுக்கிற அட்டை."

படத்தில் நீங்கள்தான். கீழே, அந்தோனி லெனார்ட்.

"ஆரடி இந்த அந்தோனி?"

"அத்தான்தான். ஞானஸ்நானப் பெயர். மறந்துபோனியே?"

மறக்கவில்லை. பாரிசவாதம் வந்து உங்களுக்குப் பேச்சு நின்ற மூன்றாம் நாள், இவள் ஒரு சின்னப் போத்தலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் என்று சொல்லி, உங்களை அந்தோனி ஆக்கினாள். நானும் அங்கேதான் நின்றேன்.

"அவரைக் கேட்டனியே?"

"கேக்கிற நிலையிலையே கிடந்தவர்? நான் ஊத்தாட்டி அவற்றை ஆத்துமா எங்கை போயிருக்கும்? அந்தோனியார் காணாமப்போனதைத் தேடித் தாறவர் அக்கா."

"அவர் காணாமப்போகேல்லையடி. கட்டிலிலைதான் கிடந்தவர்."

அவள் சிரிக்கவில்லை. கல்லறைக் கல்லிலும் அந்தோனிதானாம். நாலு பேருக்கென்று அந்த நிலத்தை வாங்கி வைத்தது அருமைநாதன். "எங்கடை கல்லிலை கத்தோலிக்கற்றை பெயர் மட்டும்தான் ஏறும்" என்றாள். மார்ச் முடிவதற்குள் கல் வெட்டுகிறவனுக்குப் பெயர் கொடுக்க வேண்டுமாம். வேறு பெயர் என்றால் வேறு இடம் பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். வேறு இடத்துக்கு நான் எங்கே போவேன்? எனக்கும் உங்களுக்குப் பக்கத்தில்தானே கிடக்க வேண்டும்.

2 பெப்ரவரி, ஞாயிறு

கோயில் படியில் பனி அப்படியே கிடந்தது. பங்குச் செயலாளர் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"இந்த நகரசபைக்காரன் எங்கை போட்டான்?"

பத்தொன்பது குளிர்காலம் காலை ஏழு மணிக்கு வந்து அந்தப் படியை வழித்தது நகரசபை ஆள் என்றே நினைத்திருக்கிறார்.

"அது என்ரை மனுசன், அண்ணை."

"அட, அந்த விசுவாசமில்லாத வெள்ளையோ?"

பாருங்கள், எங்கள் சனத்துக்கு விசுவாசம் என்றால் தொண்டையில் இருக்க வேண்டும். நீங்களோ கடைசி வாங்கில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, பாடாமல், முழந்தாளிடாமல். ஞாயிறு காலை குசினியில் நின்றபடியே உங்கள் அம்மாவின் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பீர்கள். அதோடு சரி. சாப்பாட்டுக்கு முன் 'தக்' என்று ஒரு சொல். நன்றியாம். நான் செபமாலையில் ஐம்பத்துமூன்று அருள்நிறை மரியே சொல்லி முடித்துவிட்டு, "உம்மடை செபம் தந்தி மாதிரி" என்று நக்கலடிப்பேன். கடவுளுக்குக் காது நல்லாய்க் கேட்கும் என்பீர்கள் இங்கிலீஷில்.

நான் மட்டும் என்ன திறம்? நானும்தான் சிரித்தேன்.

5 பெப்ரவரி

உங்கள் அக்கா பிறிட்டாவுக்குப் போன் எடுத்தேன். எண்பத்தொரு வயது. அவவின் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்தது, இரண்டு பேர் கண்ணாடி இல்லாமல் ஒரே ஊசியில் நூல் கோர்த்த மாதிரி. லெனார்ட்டுக்குச் சின்னனில் ஞானஸ்நானம் கொடுத்ததா என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில், எங்களை நீ யாரென்று நினைத்தாய் என்கிற மாதிரி ஒரு சத்தம். பத்திரம் தபாலில் வருமாம்.

8 பெப்ரவரி, சனி

முப்பத்தோராம் நாள். அந்தோனி அட்டை முந்நூறு பேருக்குப் போய்விட்டது. "ஒரு ஆத்துமாவைக் காப்பாத்திப்போட்டியள்" என்று பெண்கள் றோஸ்மேரியின் கையைப் பிடித்தார்கள். என்னிடம் வந்தவர்கள் இடியப்பம் இன்னும் இருக்கோ என்று கேட்டார்கள்.

27 பெப்ரவரி

பத்திரம் வந்துவிட்டது. 1948. உங்களுக்கு வயது ஆறு கிழமை. பெயர் – லெனார்ட் இம்மானுவேல்.

இம்மானுவேல்! கடவுள் எங்களோடு என்று அர்த்தம்! இருபது வருடம் ஒரே கட்டிலில் படுத்தேன், ஒரு நாள் சொன்னீர்களா? கேட்டால், நீ கேட்கவில்லையே என்பீர்கள். கடவுளைப் பெயருக்குள்ளேயே வைத்திருந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்க நாங்கள் அந்தோனியாரைக் கூப்பிட்டிருக்கிறோம். வாய்விட்டுச் சிரித்தேன். உங்கள் கதிரையைப் பார்த்த பிறகுதான் நிற்பாட்டினேன்.

2 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்ததும் றோஸ்மேரியையும் இழுத்துக்கொண்டு பங்குத்தந்தை ஹென்றி சுவாமியிடம் போனேன். பிறிட்டா பத்திரத்தின் மறுபக்கத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்ததைச் சுவாமி இரண்டு தரம் வாசித்தார்.

"ஞானஸ்நானம் ஒருக்காத்தான், றோஸ்மேரி. லூத்தரன் சபையிலை எடுத்தாலும் திருச்சபை அதை ஏற்கும். மனுசன் ஆறு கிழமையிலை இருந்து கிறிஸ்தவர்."

"அப்ப நான் ஊத்தினது, சுவாமி?"

"தண்ணி, பிள்ளை."

அவளுடைய முகம்! செபப் புத்தகத்தால் என் வாயைப் பொத்தினேன். வீட்டுக்கு வந்து இதை எழுத எழுதச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். காருக்குள் ஏறியதும் அவள் அழத் தொடங்கினாள்.

"பயத்திலைதான் அக்கா செய்தனான். நீ ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம் எண்டு போயிட்டா? அங்கை அவருக்கு உன்னை விட்டா ஆரைத் தெரியும்?"

லவாலில் இருக்கும் அவளுடைய வீட்டு வாசல்வரை அழுதுகொண்டே வந்தாள்.

9 மார்ச்

இன்று கோயில் படியில் பனி கரைய உப்புப் போட்டிருந்தது. யார் என்று தெரியவில்லை.

30 மார்ச்

அருமைநாதன் போன் எடுத்தார். "மச்சாள், கல்லுக்குப் பெயர் குடுத்திட்டன். லெனார்ட் இம்மானுவேல். எழுத்துச் சரியோ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ." வேறு ஒன்றும் இல்லை. நான் வென்றுவிட்டேன். வென்றால் இப்படியா இருக்கும்?

17 மே, சனி

இன்று உங்களை மண்ணுக்குள் வைத்தோம். சுவாமி, றோஸ்மேரி, அருமைநாதன், நான். பெயரில் ஒரு பிழையும் இல்லை. றோஸ்மேரி பெட்டியில் கைவைத்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான்" என்றாள், தமிழில், உங்களுக்கு விளங்கும் என்பது போல.

கோயிலில் இப்போது எல்லோரும் அவளைத்தான் சிரிக்கிறார்கள். ரெண்டாந்தரம் முழுக்காட்டினவள் என்று பெயர். அவள் என்னைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன், இந்தக் கொப்பியில்.

அன்றைக்கு அவள் என்னைக் கேட்டவள். "அக்கா, ஊத்தட்டே?" நான்தான் ஓம் என்றேன். உங்கள் தலையைத் தூக்கிப் பிடித்ததும் நான்தான்.

விழுங்க ஏலாது, ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது, நனைத்த பஞ்சால் உதட்டை மட்டும் துடைக்கலாம் என்று தாதி சொல்லியிருந்தாள். மூன்று நாளாக நீங்கள் கண்ணால் என்னிடம் தண்ணீர் கேட்டீர்கள். மூன்று நாளும் நான் இல்லை என்று தலையாட்டினேன். றோஸ்மேரி ஊற்றினது நெற்றியால் வழிந்து, மூக்கோரமாய் இறங்கி, உதட்டுக்கு வந்தது. நீங்கள் அதை நக்கினீங்கள். கண்ணைத் திறந்து – அவளை இல்லை, என்னைத்தான் பார்த்தீங்கள்.

அதுக்குப் பிறகு கண் திறக்கேல்லை.

அப்பு, நான் மனம் இரங்கிக் குடிக்கத் தந்திட்டன் எண்டு நினைச்சனீங்களோ?