வடிவுக்குப் போட்ட முடிச்சு

இன்று காலையில் உங்கள் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார் அக்கா. கையில் புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒரு சுருள். "சாமானைக் கட்டணும்மா. எனக்கு இது வராது. நீ செத்த வாரியா?" என்றார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவர் பேசிக்கொண்டிருந்தது எதுவும் என் காதில் விழவில்லை. புதுக் கயிற்றைக் கண்டால் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகு இழுத்துப் பார்க்கிற ஆள் இந்த நெய்வேலியில் நீங்கள் ஒருத்திதான்.

அவருக்கு ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடிவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போகிறார், திருநெல்வேலிப் பக்கம், தன் தங்கை வீட்டுக்கு. உங்கள் மகள் போகிறாள் என்பதை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல? அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்துக்கு விலாசம் கிடையாது என்பது தெரியாமல் இல்லை.

நான் கல்யாணமாகி இந்த பிளாக்குக்கு வந்தபோது, பக்கத்து வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். என்னவருக்கு அப்போதுதான் மைன்ஸில் பெர்மனென்ட் ஆகியிருந்தது. நான் கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண். டவுன்ஷிப்பில் எல்லாரும் ஒரு மாதிரி பேசுகிறார்களே என்று பயந்துபோய் வாயைத் திறக்காமல் இருப்பேன். நீங்கள்தான் என்னைச் சீண்டிச் சீண்டிப் பேச வைத்தீர்கள். "வந்துகினு, போயிகினு... உங்க ஊர்ல இந்த 'கினு' இல்லாம வாய் தொறக்க மாட்டியளோ?" என்பீர்கள். "நீங்க மட்டும் இன்னாக்கா, 'ஏளா, ஏளா'ன்னு கோழிய வெரட்டறாப்ல கூப்புட்டுகினு இருக்கீங்க?" என்று நானும் ஒருநாள் திருப்பிக் கேட்டுவிட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்கள் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

பிளாக்கில் யாருக்காவது பெரிய குவார்ட்டர்ஸ் அலாட் ஆகிவிட்டால் முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள். லாரி வந்து நிற்கும், ஆண்கள் நாலு பேர் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு போய், "தள்ளுங்க" என்பீர்கள். படுக்கைச் சுருளின்மேல் முழங்காலை ஊன்றி, கயிற்றைக் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று ஓட்டி, கடைசியில் ஒரு மடிப்பை உள்ளே விட்டு இழுப்பீர்கள். மேலிருந்து உருட்டிவிட்டாலும் அவிழாது. ஆனால் அந்த நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தக் கட்டும் அவிழ்ந்து கொட்டும். "எங்கய்யா ஜவுளி மூட்டைய சைக்கிள்ல கட்டி ஊர் ஊரா விப்பாவ. ஒவ்வொரு வாசல்லயும் அவுக்கணும், கட்டணும். அவுக்க நேரமாச்சுன்னு வையி, சேலை வாங்க வந்தவ அடுப்படிக்குப் போயிருவா" என்று சொல்வீர்கள். சின்ன வயதில் தினமும் விடிந்தால் அந்த மூட்டையைக் கட்டியது நீங்கள்தானாம். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் கொஞ்சம் திமிர் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

வடிவு உங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். நாங்கள் வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். நடை வந்ததும்தான் வினை வந்தது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. நடக்க மட்டும் நடந்தாள். கதவு திறந்திருந்தால் போதும், தலையை முன்னால் நீட்டிக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பாள். ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள், கடலூரில் காட்டினீர்கள், வடலூருக்குப் போய் வேண்டிக்கொண்டீர்கள். "வளர வளரச் சரியாகும்" என்று சிலர் சொன்னார்கள். 

ஒருநாள் மதியம் ஷிப்ட் முடிந்து மைன்ஸ் பஸ்கள் வரிசையாக வருகிற நேரம். ஹெல்மெட்டைக் கையில் பிடித்த ஒருவர் வடிவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாளாம். டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். நீங்கள் அவளை வாங்கிக்கொண்டீர்கள். அன்று சாயங்காலமே ஒரு பழைய சேலையை நீளமாகக் கிழித்து, ஒரு நுனியை அவள் இடுப்பிலும் மறு நுனியை உங்கள் இடுப்பிலும் கட்டிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு சோறு வடித்ததும், துணி துவைத்ததும், வாசல் பெருக்கியதும் எல்லாம் அந்தத் துணியோடுதான்.

பால் பூத் வரிசையில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "பெத்த புள்ளய மாட்டக் கட்றாப்ல கட்டி வெச்சிகினு இருக்குது பாரு." நீங்கள் எனக்கு முன்னால் நின்றிருந்தீர்கள். உங்கள் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். சண்டைக்குப் போவீர்கள் என்று நினைத்தேன். பாலை வாங்கிக்கொண்டு, வடிவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நடந்துவிட்டீர்கள்.

அந்த வாரம்தான் உங்களுக்குக் காய்ச்சல் வந்து வடிவை நான் குளிப்பாட்டினேன். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். தண்ணீர் பட்டதும் சுருங்கி அழுதாள். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நீங்கள் போட்டது உங்கள் மூட்டைச் சுருக்கு. நுனியை விட்டு வேறு எங்கே இழுத்தாலும் இறுகிக்கொண்டே போகும். மூட்டைக்கு அது நல்லது. இவளோ நாள் முழுக்க இழுக்கிறவள்.

எங்கள் வீட்டில் கன்றுக்குட்டி கழுத்துக்கு ஒரு முடிச்சுப் போடுவார்கள். என்ன துள்ளினாலும் வளையம் போட்ட அளவிலேயே நிற்கும், இறுகாது. இறுகினால் குட்டியின் உயிர் போய்விடும் அல்லவா? எனக்கு அது தூக்கத்தில்கூடப் போட வரும். ஆனால் உங்களிடம் எப்படிச் சொல்வது? மாட்டைக் கட்டுகிற மாதிரி கட்டுகிறாள் என்று ஊரே பார்க்க ஒருத்தி சொல்லிக் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை. 'அக்கா, மாட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போடுங்கள்' என்று நானும் வந்து நின்றால் உங்கள் மனசு என்ன பாடுபடும்? சொல்லாமலே இருந்து பார்த்தேன். பிள்ளையின் இடுப்பை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கடைசியில் சொல்லிவிட்டேன். நீங்கள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. எங்க வூட்டுல கன்னுக்குட்டிக்கு ஒரு முடிச்சு போடுவோம். அது இறுகாதுக்கா."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. பிறகு உங்கள் இடுப்பிலிருந்த நுனியை அவிழ்த்து என் பக்கம் நீட்டினீர்கள்.

"காட்டு."

சின்னதாக ஒரு கண்ணி. நுனியை அதற்குள் கீழிருந்து மேலே விட்டு, பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே கண்ணிக்குள் இறக்க வேண்டும். அவ்வளவுதான். உங்கள் கைக்கு எந்த முடிச்சும் ஒரு தடவை போதும். வடிவுக்குப் போட்டீர்கள். அவள் வழக்கம்போல வாசலைப் பார்த்து இழுத்தாள். வளையம் அசையவில்லை, வயிற்றில் லேசாக உட்கார்ந்திருந்தது.  "துணி மூட்டைக்கு மூச்சு கிடையாதுல்லா. எனக்கு இது தோணலையே ஏளா" என்று சுவரில் சாய்ந்து அழுதீர்கள். நான் உங்களைத் திட்டினேன். திட்டிக்கொண்டே நானும் அழுதேன்.

பிறகு வருஷங்கள் ஓடின. பிள்ளைக்கு ஒன்றிரண்டு வார்த்தை பேசவும் வந்தது. வடிவு வளர வளர நீங்கள் துணியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனீர்கள். வாசல் வரை, வேலி வரை, தெருவில் விளக்குக் கம்பம் வரை. ஒருநாள் மத்தியானம் "ஏளா, ஓடி வா! ஓடி வா!" என்று நீங்கள் கத்தியதில் நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வந்தேன். துணி தரையில் கிடந்தது. நம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த பெண், முடிச்சைத் தானே அவிழ்த்திருக்கிறாள். கதவு அகலத் திறந்திருந்தது. அவள் எங்கேயும் போகாமல் உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

அன்றோடு துணி போயிற்று. ஆனால் அவளுக்கு இந்த ஒரு வித்தை வந்துவிட்டதே! கொசுவலைக் கயிறு, கொடிக் கயிறு, சைக்கிள் கேரியரில் கட்டிய மண்ணெண்ணெய் டின், எதையும் விட்டுவைக்கவில்லை. எதிர்வீட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டு, அது பிளாக் முழுக்கச் செடியைத் தின்று, சண்டை வந்து... உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "பார்த்தியா என் மவளை?" என்றீர்கள்.

உங்களுக்கு உடம்புக்கு வந்தபோது கட்டி என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள், மெட்ராஸுக்குப் போய் வந்தீர்கள். திரும்பி வந்தவர் பாதியாக இருந்தீர்கள். வலியைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. "நான் போயிட்டா இவ யார் பின்னால நடப்பா?" என்று மட்டும் கேட்டீர்கள். "நான் இருக்கேன்க்கா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெரியவள் ஒருத்தி வெள்ளைத் துணியைக் கிழித்து உங்கள் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். பெண்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். வடிவு கூட்டத்துக்குள் புகுந்து வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தாள். குனிந்து, நிதானமாக, அந்தக் கட்டை அவிழ்த்தாள். "ஐயோ, புள்ள இன்னா பண்ணுது பாரு, புடிங்க அத" என்று கத்தினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பிடித்து இழுத்து, "எந்திரி. போவம்" என்றாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதானே. கட்டை அவிழ்த்துவிட்டால் எழுந்து போகலாம்.

திரும்பவும் கட்ட வந்தவளை நான் தடுத்துவிட்டேன். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. அவர்கள் உங்களைத் தூக்கும்வரை உங்கள் இரண்டு கட்டைவிரல்களையும் நானே கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜில்லென்று இருந்தன.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகும் நேரமெல்லாம் வடிவு என் வீட்டில்தான். என்னைத் 'த்தி' என்றுதான் கூப்பிடுவாள், சித்தி முழுசாக வராது. கடைக்குப் போனால் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். நான் ஊருக்கு ஒருநாள் போய் வந்தாலும் வாசலிலேயே நிற்பாள். என் பிள்ளைகள் படித்து வேலைக்கென்று வெளியூர் போனபோதுகூட எனக்கு வீடு வெறிச்சோடவில்லை.

இன்று உங்கள் வீட்டுக்குப் போய்ச் சாமான்களைக் கட்டினேன். உங்கள் முடிச்சுத்தான், குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. படுக்கை, பாத்திரச் சாக்கு, துணி மூட்டை எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு, சோறு வடிக்க என் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் ஒரு கட்டுகூட இல்லை. படுக்கை கட்டிலில் விரித்திருக்கிறது. பாத்திரங்கள் அலமாரிக்கு ஏறிவிட்டன. நீங்கள் அடுக்கி வைக்கிற வரிசையிலேயே அக்கா, பெரிய குண்டா அடியில், டம்ளர்கள் கவிழ்த்து. வடிவு உங்கள் சேலைகளை மூட்டையிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் கட்டினேன். மறுபடியும் அவிழ்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை, அவள் பாட்டுக்கு வீட்டு வேலை செய்கிற மாதிரி. உங்கள் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னம்மா செய்ய? அங்க தங்கச்சி இருக்கா. இங்க நாளைக்கு வீடு கிடையாதே" என்றார். அவர் அழுது இன்றுதான் பார்த்தேன். நீங்கள் போன அன்றுகூட அவர் அழவில்லை.

எங்கள் அப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு அனுப்புவார். அந்தக் கட்டுக்கு ஒரு முடிச்சு உண்டு. நனைத்து, முறுக்கி, காலால் மிதித்து இறுக்கி, முனையை உள்ளே செருகிவிடுவார்கள். அதை யாரும் அவிழ்ப்பதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் அறுத்துத்தான் எடுப்பார்கள். நான் கயிற்றை வாளியில் முக்கி எடுத்தேன். எல்லாவற்றையும் அந்த முடிச்சால் கட்டினேன். 

வடிவு வந்து உட்கார்ந்தாள். நகத்தால் நெம்பினாள். பல்லால் கடித்தாள். சுற்றிச் சுற்றி வந்து நுனியைத் தேடினாள். நுனி இல்லை. வெகுநேரம் கழித்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த முடிச்சின்மேல் வைத்தாள்.

"த்தி, அவுத்துடு" என்றாள்.

முடிச்சென்று வந்துவிட்டால் யாரிடமும் எதையும் கேட்காதவள் அவள், அக்கா.

"வராது வடிவு" என்றேன்.

லாரி நாளைக் காலையில் வருகிறது. தங்கை வீட்டில் கயிற்றை அறுக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் இனிமேல் இருக்கப்போவது அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையும், நான் சொன்ன பதிலும்தான்.